ஆற்றுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

போன மாதம் எங்கள் ஊர்ப் படித்துறையைச் சுத்தம் செய்ய கல்லூரிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கிளம்பும்போது ஒரு பெண் என்னிடம் வந்து, "தாத்தா, போன வருஷம் நாப்பது பேர் வந்தோம். இந்த வருஷம் பதினொரு பேர்தான். நீங்க மட்டும் எப்படி இருபது வருஷத்துக்கு மேல நின்னீங்க?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. வேன் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் மற்ற பத்துப் பேருக்கும், இனி வரப்போகிறவர்களுக்கும் அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது தாமிரபரணி ஒன்றுதான். வேறு ஆற்றங்கரைப் பிள்ளைகள் தங்கள் ஆற்றின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

1. கோபத்தோடு வந்தால் பரவாயில்லை. நானும் அப்படித்தான் வந்தேன்.

சின்ன வயதில் கோடையில் அம்மாவோடு ஆற்றுக்குப் போவேன். நடு ஆற்று மணலில் உட்கார்ந்து சிரட்டையால் ஊற்றுத் தோண்டுவாள். முழங்கை ஆழம் போனால் போதும், ஓரத்திலிருந்து மணல் சரியச் சரியத் தண்ணீர் கசிந்து வரும். முதலில் கலங்கலாக இருப்பதை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றாகத் தெரியும் அளவுக்குத் தெளியும். அதைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். ஒரு குடம் நிறைய கால் மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் சோறு பொங்கியது.

மணல் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், அதே இடத்தில் என் மகனுக்குத் தோண்டிக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். நாலு விரற்கடைக்குக் கீழே களிமண் வந்துவிட்டது. தண்ணீர் கசியவே இல்லை. மறுநாளே லாரியை மறிக்கப் போனவர்களோடு நானும் போய் நின்றேன். அன்று எனக்கு ஆற்றின் மேல் அன்பு இருந்தது என்று சொன்னால் பொய். அம்மாவின் ஊற்று போய்விட்டதே என்ற ஆத்திரம்தான் இருந்தது. இந்த ஆற்றில் எத்தனை அணைக்கட்டு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கோபம் உங்களை ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுவந்து விடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் அது தாங்காது. அதற்குள் ஆற்றைப் பழகிக்கொள்ள வேண்டும்.

2. ஆற்றை ஒருமுறை முழுதாக நடந்து பாருங்கள்.

இதைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் விழும்வரை சுமார் 128 கிலோமீட்டர். பிறப்பதும் கடலில் சேர்வதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால், ஆற்றுக்கு வரும் கெடுதலுக்கு நாம் வேறு மாநிலத்தாரைக் கைகாட்ட முடியாது. காட்டுப் பகுதிக்குள் நினைத்தபடி போக முடியாது. பாபநாசத்திலிருந்து தொடங்குங்கள். நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துண்டு துண்டாக நடந்தோம். முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நடந்தால்தான் எட்டு அணைக்கட்டும் மனதில் நிற்கும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரர்களுக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம்தான் அவர்கள் காலத்தில், 1870களில் கட்டியது. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரியும்; கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். 86,000 ஏக்கருக்கு மேல் இப்படிப் பாய்கிறது. எங்கள் வயல் மருதூர் கீழக்கால் பாசனம். என் வயலில் பாய்கிற தண்ணீர் எந்த மண்டபத்தைத் தொட்டு, எந்தச் சுடுகாட்டைத் தாண்டி, எந்த ஊர்ச் சாக்கடையை வாங்கிக்கொண்டு வருகிறது என்று அறுபதை நெருங்கும் வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திருப்புடைமருதூரில் கடனாநதி வந்து சேரும் இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அங்கே ஆற்றங்கரை மரங்களில் கொக்கும் நாரையும் அடையும். ஊர்க்காரர்கள் காத்துவந்த அந்த இடத்தை 2005இல் அரசு பறவைகள் பாதுகாப்பு இடமாக அறிவித்தது. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களிடம் கோரை எங்கே வெட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலில், எந்த வருஷ வெள்ளம் எதுவரை ஏறியது என்று அங்குள்ள பெரியவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அங்கிருந்து கொஞ்சம் கீழே, திருநெல்வேலி நகரத்தைத் தாண்டும்போது, தண்ணீரின் நிறமும் வாடையும் மாறுவதை உங்கள் கண்ணும் மூக்குமே சொல்லும். சீவலப்பேரியில் சிற்றாறு சேரும். ஆதிச்சநல்லூர் பரம்பைப் பார்த்துவிட்டு ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டிப் புன்னக்காயல் போய்ச் சேர்ந்தபோது எங்களில் ஒருவர் கையில் தண்ணீரை எடுத்து வாயில் வைத்தார். உப்புக் கரித்தது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்கள் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரியது என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

3. குளியுங்கள்.

கையுறை போட்டுக் குப்பை பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் குளிப்பவர்களுக்கு ஆறு பழகாது. நல்ல தண்ணீர் ஓடும் இடம் எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு இறங்குங்கள். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது, அவற்றில் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

4. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாள், நேரம், இடம், தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது, நிறம், நாற்றம், செத்த மீன் உண்டா, எந்தக் குழாயிலிருந்து என்ன விழுகிறது. இவ்வளவுதான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது அணைகளின் முழு உயரம். அன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது என்பது பத்திரிகையில் வரும். அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால் அணையில் தண்ணீர் திறந்து எத்தனை மணி நேரத்தில் உங்கள் படித்துறையில் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும் நாளில், "ஆறு பாழாகிறது" என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். "இந்தப் புல எண்ணுக்கு எதிரே, இந்தத் தேதியில், இத்தனை அடி ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள்" என்று சொன்னால் பேனாவை எடுப்பார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு இந்த ஆற்று மணலுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். 2010 டிசம்பரில் நீதிமன்றம் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தபோது அவருக்கு 85 வயது நெருங்கியிருந்தது. அந்த வயதில் அவரை நீதிமன்றத்தில் நிற்க வைத்தது வெறும் கோபம் என்று நான் நினைக்கவில்லை.

நோட்டு வழக்குக்கு மட்டும் பயன்படவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. தினமும் எழுத வேண்டும் என்பதற்காகவே தினமும் போனேன். தினமும் போனதால், போகாத நாளில் மனசு கேட்காமல் போயிற்று.

5. அமலையைப் பிடுங்குவதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்று பாருங்கள்.

அமலைச்செடி (ஆகாயத்தாமரை) ஆற்றை மூடிக் கிடப்பதைப் பார்த்தால் இறங்கிப் பிடுங்கத் தோன்றும். பிடுங்குங்கள், தப்பில்லை. ஆனால் அது தின்று வளர்வது சாக்கடையில் வரும் சத்தை. சாக்கடை விழும் வரைக்கும் அதுவும் வந்துகொண்டே இருக்கும். முதல் வருஷம் நாங்கள் நூறு பேர் இரண்டு நாள் இழுத்துக் கரையில் போட்டோம். பத்திரிகையில் படம் வந்தது. இரண்டே மாதத்தில் அதே இடம் பச்சைப்பசேல் என்று மூடிவிட்டது. அதோடு ஒதுங்கியவர்கள் நிறைய. மேலே எந்த ஓடை வழியாகக் கழிவு வருகிறது என்று அன்றே தேடிப் போயிருந்தால் அவர்களில் பாதிப் பேராவது எங்களோடு இருந்திருப்பார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

6. துணி விடுகிறவர்களிடம் சண்டை போடாதீர்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் துணி எடுக்கப் போங்கள், தெரியும். மேலே மிதப்பது கொஞ்சம்தான். பாறை இடுக்கிலும் மணலுக்கு அடியிலும் புதைந்து கிடப்பதுதான் அதிகம். ஒரு சேலையின் நுனி கையில் சிக்கும். இழுத்தால் வராது. நீரும் மணலும் ஏறி, அதோடு இன்னும் நாலு வேட்டி முறுக்கிக்கொண்டு, மூன்று ஆள் கனம் கனக்கும். மூச்சைப் பிடித்து உள்ளே போய் மணலைப் பறித்துவிட்டுத்தான் உருவ வேண்டும். முன்பெல்லாம் விட்டது பருத்தி, மக்கிப்போகும். இப்போது பாலியஸ்டர். வருஷம் கழித்து எடுத்தாலும் பூ வேலைப்பாட்டின் நிறம்கூட மங்குவதில்லை.

அப்படி ஒரு நாள் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா கரையில் நின்று சேலையை விடப் போனார்கள். எங்கள் பையன் ஒருவன் கத்திவிட்டான். அவர்கள் அழுதுவிட்டார்கள். மகன் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கத்துவதில்லை. கூடை ஒன்றை வைத்து, "ஆற்றில் நனைச்சுட்டு இதுல போடுங்கம்மா, மீனும் காலும் மாட்டிக்காம நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்வோம். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். ஆற்றை நம்பித்தானே அவ்வளவு தூரம் வருகிறார்கள். அந்த நம்பிக்கை நமக்கு உதவி.

7. தனியாகப் போகாதீர்கள்.

இது கண்டிப்பு. மணல் லாரியையோ டிராக்டரையோ இரவில் தனியாக மறிக்கக் கூடாது. முறப்பநாட்டில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் மணல் கடத்தலைத் தட்டிக்கேட்டுப் புகார் கொடுத்ததற்காக, 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசாங்க நாற்காலியில் இருந்தவருக்கே அந்தக் கதி. புகாரை எழுத்தில், பலர் கையெழுத்தோடு கொடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆற்றுக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

8. ஜெயித்தாலும் வேலை முடியாது.

2010இல் தடை வந்ததும் நாங்கள் இனிப்பு கொடுத்தோம். அதற்கு அப்புறமும் திருட்டு மணல் போகத்தான் செய்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் படிந்து கிடந்த மண்ணைத் தூர்வார, 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. தூர்வாரத் தொடங்கியதும் வண்டலோடு மணலும் போகிறதா என்று காவல் இருக்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்கில் 2024இல் மதுரைக் கிளை நீதிபதிகள் நேரிலேயே வந்து ஆற்றில் சாக்கடை விழுவதைப் பார்த்தார்கள். இன்றும் விழுகிறது. தீர்ப்பைக் கணக்குப் பார்த்து ஆற்றுக்கு வந்தால் சலித்துப்போவீர்கள். கார் சாகுபடி முடிந்தால் பிசானம் வரும், பிசானம் முடிந்தால் மறுபடி கார். விவசாயி அலுத்துக்கொண்டா உட்கார்ந்துவிடுகிறான்? அந்த மாதிரிதான் இதுவும்.

9. ஆற்றின் துக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மேல் காவல்துறை தடியடி நடத்தியது. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றுக்குள் ஓடி இறங்கியவர்களில் 17 பேர் பிணமாகத்தான் கரைக்கு வந்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். தேயிலைத் தோட்டம் இருந்ததும் இந்த ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மலைதான். அந்தத் தொழிலாளர்களின் கூலிக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று ஆற்றை நேசிக்கிற யாரும் சொல்லக் கூடாது. ஒரு முறையாவது அந்த ஜூலை நாளில் போய் நில்லுங்கள்.

10. வெள்ளத்தைப் பார்த்து ஆற்றை வெறுக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்றுபோய், பயணிகள் சுற்றிலும் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு. வாழை அத்தனையும் போயிற்று. ஆடு மாடு பறிகொடுத்தவர்கள், வீடே பறிகொடுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து, சேற்றில் கால் புதையப் புதையப் படித்துறைக்குப் போனேன். கடைசிப் படிக்குக் கீழே, இத்தனை வருஷமாகக் களிமண்ணாகக் கிடந்த இடத்தில், வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. இறங்கிக் கையில் அள்ளினேன். மணல். ஆறு மேலேயிருந்து கொண்டுவந்து போட்டிருந்தது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். சில நாள் கழித்துப் போய் அங்கே உட்கார்ந்து சிரட்டையால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் கசிந்தது.

அந்த மணல் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கத்தான் இப்போது தினமும் காலையில் போகிறேன்.

11. மரம் நட வேண்டும் என்றால் ஆற்றங்கரை மரத்தை நடுங்கள். நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, ஆற்றுப்பாலை. பூங்காச் செடி வேண்டாம். நட்டவர்களே மூன்று கோடை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

12. பிரச்சினை எதுவும் இல்லாத நாளிலும் ஆற்றுக்குப் போங்கள்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என் நேரான பதில் இதுதான். போராட்டம் உள்ள நாளில் மட்டும் ஆற்றுக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சும்மாவும் வந்து உட்கார்ந்தவர்கள்தான் மிஞ்சினோம். ஏழு பேர் நடந்ததில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், மீதி ஐந்து பேரும் இன்றைக்கும் ஆற்றோடுதான் இருக்கிறோம். ஒருவர் மீன் பெயர்களைத் திரட்டுகிறார். ஒருவர் கல்மண்டபங்களை வரைகிறார். எனக்குப் பறவை.

பறவை பார்க்க நான் பழகியது 2011இல். அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அந்த வருஷம் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. மணல் அள்ளுவதற்கு எதிராகச் சாட்சியம் கிடைக்குமே என்றுதான் போனேன். கால்வாய்த் தண்ணீர் பெருகிய குளம் ஒன்றின் கரையில் விடியற்காலையில் நின்றோம். கூட வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் என் தோளைத் தட்டி, "சார், வரித்தலை வாத்து" என்றான். இமயமலையைத் தாண்டி வந்த பறவை. பொதிகைத் தண்ணீரில், எங்கள் நெல் தாளடிக்குப் பக்கத்தில், அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. சாட்சியத்துக்காக வந்ததே எனக்கு மறந்துபோயிற்று. வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன்.

வருகிற ஜனவரியிலும் கணக்கெடுப்பு உண்டு. விடியும் முன்னால் குளத்தங்கரையில் இருக்க வேண்டும். என்னிடம் பைனாகுலர் இரண்டு இருக்கிறது. பதினொரு பேரும் வாருங்கள், வராமல் போன இருபத்தொன்பது பேரையும் கூப்பிட்டுப் பாருங்கள்.